வாரம் ஒரு கேள்வி: “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு” என்பவரைப் பேச வைப்பது எப்படி?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான். ஒரு குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் விளையாட்டாக ஒரு கேள்வி போடுகிறார்கள். பிடித்த நிறம் எது, வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் எது, சின்ன வயதில் என்ன ஆக ஆசைப்பட்டீர்கள், இந்த மாதிரி. ஆரம்பத்தில் ஒரே கலகலப்பு. இப்போது ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது, இல்லாவிட்டால் வெறும் கட்டைவிரல். அப்பாவோ எதைக் கேட்டாலும் “அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு” என்று ஒதுங்கிவிடுகிறார். அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா, இல்லை இஷ்டம் இல்லையா? இதை மறுபடி சூடுபிடிக்க வைக்க வழி உண்டா?

அப்பாவுக்கு மறந்திருக்காது. கேள்விகள்தான் சரியில்லை.

“மறக்க முடியாத நாள் எது?” என்பது கேட்பவருக்கு லேசான கேள்வி. பதில் சொல்பவருக்கு அப்படியில்லை. அவர் ஆயுசு முழுக்கத் துழாவ வேண்டும். அகப்பட்டதை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றுக்கு முதல் பரிசு தர வேண்டும். கல்யாண நாளை விட்டுவிட்டு வேறு எதையாவது சொன்னால் வீட்டில் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். இத்தனையையும் மருமகள், பேரன், மச்சினன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் செய்ய வேண்டும். அதற்கு “ஞாபகம் இல்லை” என்று சொல்லிவிடுவது எவ்வளவோ சுலபம். மிகச் சிறந்தது, மிகப் பெரியது, வாழ்க்கையையே மாற்றியது என்று உச்சத்தைத் தேடுகிற எந்தக் கேள்வியும் இப்படித்தான் வாயை அடைத்துவிடும்.

“பிடித்தது எது” வகைக் கேள்விகளின் கோளாறு வேறு. அவற்றுக்குப் பதில் சொல்ல நினைவே தேவையில்லை. பிடித்த நிறம் நீலம். சரி, முடிந்தது. இது ஒன்றும் புதிய விளையாட்டு இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே மாதிரிக் கேள்விகளுக்காகவே ஆல்பம் வைத்திருந்து, வீட்டாரிடமும் வந்து போகிறவர்களிடமும் நீட்டிப் பதில் எழுதி வாங்குவார்கள். 1865இல் கார்ல் மார்க்ஸ் தன் மகள்களுக்காக அப்படிப் பதில் சொல்லியிருக்கிறார். பிடித்த நிறம்: சிவப்பு. பிடித்த வேலை: புத்தகப் புழுவாக இருப்பது. பிடித்த பெயர்கள்: லாரா, ஜென்னி. இரண்டும் மகள்களின் பெயர்கள். சாமர்த்தியமான பதில்கள்தான், படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்வது இந்தத் தாள் அல்ல. கடைசி மகள் எலினோர் பிற்பாடு எழுதிவைத்த ஒரு சின்ன விஷயம் உண்டு. வெளியே நடந்து போகும்போது அப்பா அக்காமார்களுக்குக் கதை சொல்லிக்கொண்டே போவாராம். கதைக்கு அத்தியாயக் கணக்கு கிடையாது, மைல் கணக்குதான். பெண்கள் “இன்னொரு மைல் சொல்லுங்க” என்று நச்சரிப்பார்களாம். தாடிக்காரர் அப்பாவாகவே கண்முன் வந்துவிடுகிறார். “அப்பாவோடு நடந்து போனால் என்ன பேசிக்கொண்டு வருவார்?” என்று கேட்டால்தான் இந்தப் பதில் கிடைக்கும். “அப்பாவிடம் பிடித்த குணம் எது?” என்று கேட்டிருந்தால் “அன்பு” என்று எழுதிவிட்டு அந்தப் பெண் எழுந்து போயிருப்பாள்.

நினைவைக் கிளப்ப எது உதவும், எது உதவாது என்பதை ஒருவர் தன்னையே வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார். வில்லெம் வாகெனார் என்ற டச்சு உளவியலாளர். ஆறு ஆண்டுகள், அன்றாடம் தனக்கு நடந்ததில் ஒன்றிரண்டை எழுதிவைத்தார்: என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள், எங்கே, எப்போது. மொத்தம் 2,400 சம்பவங்கள். அப்புறம் அவற்றில் ஒரு விவரத்தை மட்டும் முதலில் பார்த்து மீதியை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். வரவில்லையென்றால் இன்னொரு விவரம், பிறகு இன்னொன்று. 1986இல் முடிவுகளை வெளியிட்டார். ‘என்ன’ என்பது நன்றாக வேலை செய்தது. ‘யார்’, ‘எங்கே’ இரண்டும் கைகொடுத்தன. ‘எப்போது’ மட்டும் தனியாக நின்றால் அநேகமாகப் பயனே இல்லை.

இப்போது உங்கள் குழுவில் போட்ட பழைய கேள்விகளை எடுத்துப் பாருங்கள். “சின்ன வயசுல…”, “படிக்கும்போது…”, “கல்யாணம் ஆன புதுசுல…” என்றுதான் பாதிக் கேள்விகள் தொடங்கியிருக்கும். எல்லாமே ‘எப்போது’. பிடித்துக்கொள்ள ஓர் ஆளையோ இடத்தையோ பொருளையோ கொடுக்காமல் காலத்தை மட்டும் கொடுத்தால் மனம் வெற்றாகத்தான் திரும்பி வரும். வாகெனாரின் ஆய்வில் இன்னொன்றும் உண்டு. சுத்தமாக மறந்துபோனது என்று அவர் ஒதுக்கிய சில சம்பவங்களை, அப்போது உடன் இருந்தவர்களிடம் கேட்டு இன்னும் கொஞ்சம் விவரம் வாங்கிப் பார்த்தார். நினைவுக்கு வந்துவிட்டன. ஆகவே ஒருவர் “ஞாபகம் இல்லை” என்றால் அதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூட இருந்தவர் இன்னொரு துணுக்கைக் கொடுக்கும்வரை அது காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நன்றாக எடுபட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன்: “எந்தச் சத்தம் கேட்டால் உங்கள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரியும்?” யாரும் யோசிக்கக்கூட இல்லை. சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் என்றார் அம்மா. தொண்டையைச் செருமுகிற சத்தம் என்றார் பெரியம்மா. அதுவும் வாசலில் இல்லையாம், தெருமுனையிலேயே கேட்டுவிடுமாம். அந்தச் செருமலுக்கும் அவர் படியேறுவதற்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஒரு பாடப் புத்தகத்தை எடுத்து விரித்துவைத்து, ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிற முகத்தையும் வரவழைத்துக்கொள்வாராம். சித்தப்பா வழக்கமாக எதற்கும் பதில் எழுத மாட்டார். அவர் எழுதியது: “அப்பா வந்தா சத்தமே கேக்காது. அதுவரைக்கும் கேட்டுட்டு இருந்த எல்லா சத்தமும் நின்னுடும். அதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்குவோம்.”

“உங்கள் அப்பா கண்டிப்பானவரா?” என்று கேட்டிருந்தால் “ஆமாம்” என்று வந்திருக்கும்.

கேள்வி தயாரிக்கிறவர் பார்க்க வேண்டியது இதைத்தான். விடையில் ஒரு பொருள், ஓர் ஆள், ஓர் இடம், ஒரு சத்தம் இவற்றில் ஏதாவது ஒன்று தானாக வந்து விழ வேண்டும். வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று வைத்திருந்த பொருள் எது? படுக்கையில் யார் சுவரோரம், யார் ஓரத்தில்? உங்களைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யார், கோபம் வந்தால் எப்படிக் கூப்பிடுவார்? மழையில் மாட்டிக்கொண்டு எந்த இடத்தில் ஒதுங்கினீர்கள், பக்கத்தில் யார் நின்றார்? யாரிடமிருந்து இறங்கி வந்த சட்டையைப் போட்டுக்கொண்டீர்கள்? முதன்முதலாக உங்கள் கைக்கு வந்த சாவி எதன் சாவி? எந்த வாத்தியாரின் கையெழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது? பெரியவர்களுக்குத் தெரியாமல் உடைத்த பொருளை எங்கே ஒளித்துவைத்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விசேஷ நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

வயதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், சமீபத்தில் நடந்தவை போக, சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகம் வருகின்றன. இதைப் பல நாடுகளில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், வீட்டை விட்டு வெளியே தங்கிய முதல் இடம், புதிதாக அமைந்த உறவுகள் எல்லாம் விழுகிற காலம் அதுதான். அதனால் உங்கள் அப்பாவிடம் “நாற்பத்தைந்து வயதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டுப் பயனில்லை. முதல் வேலையில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேளுங்கள். இந்தப் பக்கம், மூன்று மூன்றரை வயதுக்கு முந்தியது அநேகமாக யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. “நான் தொட்டிலில் படுத்திருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்று யாராவது எழுதினால், அது அவர் பலமுறை கேட்ட கதையாகவோ பார்த்த புகைப்படமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

அந்தப் பத்து வயதுக்கும் முந்திய காலத்துக்குப் போக ஒரு வழி உண்டு. வாசனை. ஸ்வீடனில் யோஹான் வில்லாண்டர், மரியா லார்சன் என்ற ஆய்வாளர்கள் 65 வயதைத் தாண்டியவர்களிடம் சொற்களையும் படங்களையும் வாசனைகளையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லும் படமும் பெரும்பாலும் பதின்வயதுக்குக் கொண்டுபோய்விட்டன. வாசனை மட்டும் பத்து வயதுக்கு உட்பட்ட நாட்களைக் கிளப்பியது. 2006இல் வெளிவந்த ஆய்வு அது. வாட்ஸ்அப்பில் வாசனை அனுப்ப முடியாதுதான். ஆனால் “புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா?”, “எந்த மருந்தின் வாடை உங்களுக்குக் காய்ச்சலை ஞாபகப்படுத்தும்?” என்று கேட்கலாம். ஆள் நேரில் இருந்தால் இன்னும் நல்லது: பழைய பெட்டியைத் திறந்து, மூடியை அவர் பக்கம் திருப்பிவிட்டுச் சும்மா இருங்கள்.

இனி பதில் எழுதுகிறவர்கள் பக்கம். குழு உயிரோடு இருப்பது உண்மையில் இவர்கள் கையில்தான் இருக்கிறது, ஏனென்றால் முதலில் வரும் பதிலின் நீளத்தையும் தொனியையும் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுதுவார்கள். ஒரு சொல்லில் முதல் பதில் விழுந்தால் அந்த வாரம் அவ்வளவுதான். கேள்வி போடுகிறவர் யாராவது ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, நான்கைந்து வரியாவது எழுதச் சொல்வது நல்லது. இது கள்ளாட்டம் இல்லை.

நல்ல பதிலுக்கும் சாதாரணப் பதிலுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்துத் திறமை இல்லை. “நாங்கள் எல்லாரும் சேர்ந்து விளையாடுவோம், சண்டை போடுவோம், ரொம்பச் சந்தோஷமாக இருப்போம்” என்ற பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது யார் வீட்டுக்கும் பொருந்தும். “ஒரு நாள்” என்று தொடங்கிப் பாருங்கள். அந்த ஒரு நாளில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே அப்படியே போடுங்கள். குணச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். “பாசமானவர்”, “உழைப்பாளி”, “தெய்வம் மாதிரி” என்று எழுதியதுமே ஆள் மறைந்து புகைப்படத்துக்கு மாலை விழுந்துவிடுகிறது.

யாரும் தொடக் கூடாத பொருள் பற்றிய கேள்விக்கு எங்கள் வீட்டில் வந்த பதில் தாத்தாவின் ரேடியோ. முதலில் அத்தை எழுதியது இவ்வளவுதான்: “அப்பா ரேடியோவ யாரையும் தொட விட மாட்டார், செய்தி மட்டும்தான் கேப்பார்.” அதோடு விட்டிருக்கலாம். “அப்போ நீங்க யாருமே பாட்டு கேட்டதே இல்லையா?” என்று என் தங்கை ஒரு வார்த்தை கேட்டாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தாத்தா வேலைக்குப் போனதும் பாட்டி உறையைக் கழற்றி முள்ளைத் திருப்பிப் பாட்டு கேட்பாராம். தாத்தா வருவதற்குள் முள் செய்தி நிலையத்தில் பழையபடி நிற்க வேண்டும், இம்மி பிசகக் கூடாது. அதற்காக, முள் ஓடும் கண்ணாடிக்குக் கீழே மரச்சட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைப் போட்டது தான்தான் என்றார் அத்தை. உடனே சித்தப்பா, “நீ எங்க போட்ட? ஸ்டூல் மேல ஏறிப் போட்டது நான். நீ ஸ்டூல புடிச்சுட்டு நின்ன” என்றார். அன்று முழுக்க இதே சண்டை. எல்லாம் ஓய்ந்த பிறகு அம்மா ஒரு வரி எழுதினார்: “மாமாவுக்குத் தெரியும். ரேடியோவைத் துடைக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுத்தான் துடைப்பார்.”

கோடு போட்டது யார் என்ற சண்டை எங்கள் வீட்டு விசேஷம் இல்லை. 2001இல் நியூசிலாந்தில் இரட்டையர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரே சம்பவத்தை இருவருமே “அது எனக்கு நடந்தது” என்று சொல்லும் நினைவுகள் கணிசமாக இருந்தன. அதுவரை இருவருக்கும் அப்படி ஒரு தகராறு இருப்பதே தெரியாது, ஆய்வுக்காக உட்கார்ந்து பேசும்போதுதான் தெரியவந்தவையும் அவற்றில் உண்டு. சாதாரண உடன்பிறப்புகளிடமும் நண்பர்களிடமும்கூட இது உண்டு என்று பிறகு பார்த்தார்கள். ஜெயித்த கதை, அடிபட்ட கதை என்றால் “எனக்கு”, தப்புச் செய்த கதை என்றால் “அவனுக்கு” என்று சொல்லும் சாய்வும் தென்பட்டதாம். இதைப் படிக்கும் அண்ணன் தங்கைகள் இப்போதே ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள்.

இங்கே கேள்வி போடுகிறவர் நீதிபதியாகிவிடக் கூடாது. நிச்சயமாகச் சொல்கிறார் என்பதற்காக ஒருவர் சொல்வது சரியாகிவிடாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்லி, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து அவர்களில் பலரிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டபோது, நிறையப் பேர் எழுதியது முதல் தாளோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் தங்கள் நினைவு சரிதான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கையெழுத்தில் இருந்த முதல் தாளையே எடுத்துக் காட்டிய பிறகும் சிலர் புதிய கதையை விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாளே எழுதிய சாட்சி இருந்தும் இந்தக் கதி என்றால், பல வருஷத்துக்கு முந்திய பென்சில் கோட்டுக்கு எங்கே போவது? அத்தை சொன்னது, சித்தப்பா சொன்னது என்று இரண்டையும் பெயரோடு எழுதிவைத்துவிட வேண்டியதுதான். சமரசம் செய்து ஒரே கதையாக ஆக்கினால் இரண்டு பேரும் அதில் காணாமல் போய்விடுவார்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்ந்தால் நிறைய வரும் என்று நினைப்போம். ஆய்வுகள் சொல்வது வேறு. ஒரு குழு சேர்ந்து சொல்வது, அதே ஆட்கள் தனித்தனியாகச் சொன்னதைக் கூட்டினால் வருவதைவிடக் குறைவாகவே இருக்கிறது. 1997இலிருந்தே இதைச் சோதித்துக் காட்டிவருகிறார்கள். ஒருவர் ஒரு வழியில் சொல்ல ஆரம்பித்தால் மற்றவரின் வழி அறுந்துபோகிறது. குடும்பத்தில் குரல் ஓங்கியவர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் சொன்னதே வரலாறாகிவிடும். அதனால் கேள்வியை ஞாயிறு காலை குழுவில் போடுங்கள், பதில்களைத் தனிச் செய்தியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், சாயங்காலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழுவில் கொட்டுங்கள். சண்டைக்கு அப்புறம் நேரம் இருக்கிறது. அதுவும் வேண்டியதே, இல்லாவிட்டால் அம்மாவின் அந்த ஒரு வரி வந்திருக்காது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். எழுதச் சொல்வதே சிலருக்குத் தடை. தட்டச்சு செய்யக் கண் சரியில்லாமல் இருக்கலாம், பிழையாக எழுதிவிட்டால் பேரன் சிரிப்பானே என்று இருக்கலாம், அல்லது உட்கார்ந்து எழுதும் அளவுக்குத் தன் கதையில் என்ன இருக்கிறது என்ற எண்ணமாகவும் இருக்கலாம். குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் தயக்கம் என்றால் கூட நடக்கும்போது, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது கேளுங்கள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் பேட்டி மாதிரி ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் இருந்தால் பேச்சு. பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல், அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்துக் கேளுங்கள். “பக்கத்து மேசைக்காரர் மீசை வெச்சிருந்தாருன்னீங்களே, எப்படி மீசை?” இதுபோதும். மீசையிலிருந்து அந்த ஆபீஸ் முழுக்க வரும்.

ஒரு காலத்தில் வயதானவர்கள் பழங்கதை பேசுவதைப் புத்தி மங்குவதன் அறிகுறியாகவே மருத்துவர்களும் பார்த்தார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அது முதுமையில் இயல்பாக நடக்கிற வேலை, கடந்து வந்ததைத் திரும்பப் பார்த்து ஒழுங்கு செய்துகொள்வது என்று எழுதினார். அதன் பிறகுதான் பார்வை மாறத் தொடங்கியது. ஆகவே தாத்தா ஒரே கதையை மறுபடி சொன்னால் “இது போன வாரமே சொன்னீங்க” என்று நிறுத்தாதீர்கள். நிஜமாகவே மறதி நோய் உள்ளவர் குடும்பத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பொதுவாக அண்மையில் நடந்தவை முதலில் போகும், பழையவை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அவரிடம் “ஞாபகம் இருக்கா?” என்று ஆரம்பிப்பது பரீட்சை வைப்பதுதான். பதில் தெரியாதபோது அவர் முகம் வாடுவதை நீங்களே பார்ப்பீர்கள். பழைய படத்தைக் காட்டி “இதுல சித்தி பாவாடையப் புடிச்சுட்டு நிக்கிறாங்க பாருங்க” என்று நீங்களே சொல்லத் தொடங்குங்கள். அவருக்கு வந்தால் சேர்ந்துகொள்வார். வராவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பார்.

லேசான கேள்விகள் எப்போதும் லேசாகவே முடியும் என்று நினைக்க வேண்டாம். “உங்கள் முதல் சைக்கிள்?” என்று கேட்டால், வாங்கித் தர யாரும் இல்லாதவர் ஒருவர் அந்தக் குழுவில் இருப்பார். அப்படி ஒரு பதில் வந்துவிட்டால் அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டுக் கடக்கவும் வேண்டாம், ஆறுதல் சொற்பொழிவும் வேண்டாம். “இது எனக்குத் தெரியாது, சொன்னதுக்கு நன்றி” என்று ஒருவர் எழுதினாலே போதும். பதில் சொல்லாமல் இருக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு, ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. இதைத் தொடக்கத்திலேயே குழுவில் சொல்லிவையுங்கள்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் 2001 வாக்கில் பிள்ளைகளிடம் கேட்க 20 கேள்விகள் தயாரித்தார்கள். உங்கள் பெற்றோர் எப்படிச் சந்தித்துக்கொண்டார்கள் தெரியுமா, உங்களுக்குப் பெயர் எப்படி வந்தது தெரியுமா என்ற மாதிரி, பிள்ளைகள் நேரில் பார்த்திருக்க முடியாத விஷயங்கள். அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. உடனே அந்த 20க்கும் விடை எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் பெற்றோரை எனக்குத் தெரியும். டியூக்கே அதை மறுத்திருக்கிறார். விடைகளால் விளைந்த பலன் இல்லை அது. அவற்றைச் சொல்ல யாரோ உட்கார்ந்து பேசிய வீடாக அது இருந்தது என்பதுதான் விஷயம்.

கேள்வி தீர்ந்துபோகும் வாரங்களும் வரும். அப்போது கேள்வியே வேண்டாம், ஒரு சொல்லைப் போடுங்கள். படிக்கட்டு. குடை. பூட்டு. அந்தச் சொல்லைப் பார்த்ததும் முதலில் வந்த சம்பவத்தை எழுதச் சொல்லுங்கள். 1879இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் ஒரு சொற்பட்டியலை வைத்துத் தன் மீதே இதைச் செய்து பார்த்தார். தாளில் ஒரு சொல்லை மறைத்துவைத்து, சட்டென்று பார்த்து, மனதில் என்ன எழுகிறது என்று குறித்துக்கொண்டார். வந்தவற்றில் கணிசமானவை அவருடைய சிறுவயதுக்கும் இளமைக்கும் உரியவை. இன்றைக்கும் நினைவு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறைக்கு அதுதான் தொடக்கம்.

சேமித்துவைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். தொலைபேசி மாறும்போது பாதி போய்விடும். மாதம் ஒருமுறை பதில்களை ஒரு கோப்பில் ஒட்டி, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று மட்டும் குறியுங்கள். பேச்சுவழக்கைத் திருத்தி எழுத்துத் தமிழாக்காதீர்கள். சித்தப்பாவின் “நின்னுடும்” என்பதை “நின்றுவிடும்” என்று மாற்றினால் சித்தப்பா அதில் இருக்க மாட்டார். குரல் பதிவுகளைக் கணினியில் ஒரு பிரதி, வெளியே இன்னொரு பிரதி.

வரும் ஞாயிறுக்கு அந்தச் சத்தக் கேள்வியையே போட்டுப் பாருங்கள். அப்பாவிடம் மட்டும் சனிக்கிழமையே, குழுவில் இல்லாமல் நேரில், தாத்தா வரும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதைக் குரலாகப் பதிந்து, அவர் சரி என்றால் முதல் பதிலாக அதைப் போடுங்கள். அதற்குக் கீழே அத்தை வந்து “இல்லவே இல்லை” என்று எழுதுவதற்குள் அடுத்த வாரக் கேள்வியைத் தயார் செய்துகொள்ளுங்கள்.